தூள் மணக்கிறது, காபி ஏமாற்றுகிறது: ஃபில்டர் காபிக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

டப்பாவைத் திறந்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் வரை மணம் போகிறது. டிகாக்ஷன் இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். ஆனால் வாயில் வைத்தால் கசக்கிறது, அல்லது சப்பென்று இருக்கிறது, அல்லது முதல் மிடறோடு சுவை நின்றுவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் பழி தூள் மீது விழுகிறது. கடையை மாற்றுகிறார்கள், விலை கூடிய தூளை வாங்குகிறார்கள், குறை அப்படியே தொடர்கிறது.

மணமும் சுவையும் வெவ்வேறு பொருள்களிலிருந்து வருகின்றன. வறுத்த கொட்டையிலிருந்து ஆவியாகிப் பறக்கும் சேர்மங்கள் பல நூறு, அவைதான் மணம். நாக்குக்குக் கிடைப்பது நீரில் கரைந்தது மட்டும்: அமிலம், கசப்பு, கொஞ்சம் இனிப்பு. தூளின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் நீரில் கரையக்கூடியது. தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை நீரில் இறங்கினால் சுவை சமனாக இருக்கும் என்பது 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் வகுத்த கணக்கு. இன்றும் காபித் தொழிலில் அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். குறைந்தால் புளிப்பும் நீர்த்தன்மையும், கூடினால் கசப்பும் துவர்ப்பும்.

ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வீடெல்லாம் மணக்கிறது என்றால் அந்த மணம் தூளை விட்டுப் போய்விட்டது. இனி அது டம்ளருக்கு வராது. கீழே உள்ள திருத்தங்களில் பாதிக்கு மேல், பறக்கும் மணத்தை அடைத்து வைக்கும் வேலைதான். மீதி, அந்த மணத்தை நாக்கில் கசப்பு மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

முதலில் ஒரு சோதனை

எந்தத் திருத்தத்தையும் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். டிகாக்ஷன் ஒரு பங்கு, வெந்நீர் மூன்று பங்கு. பாலும் சர்க்கரையும் வேண்டாம். குடிக்கும் சூட்டுக்கு வந்ததும் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு எடுங்கள். வாயில் வைத்துப் புரட்டுங்கள். இப்போது தெரிவது நாக்கின் சுவை மட்டும். பெரும்பாலும் வெறும் கசப்பும் லேசான புளிப்பும்தான் இருக்கும். காபி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. விழுங்கிவிட்டு, மூக்கை விட்டு, மெல்ல மூச்சை வெளியே விடுங்கள். தொண்டையின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறும்போதுதான் அது காபியாகிறது.

மூக்கை விட்டதும் பெரிய மாற்றம் தெரிந்தால் உங்கள் டிகாக்ஷனில் மணம் இருக்கிறது, கோளாறு கரைந்த சுவையில் இருக்கிறது. கசப்பு, புளிப்பு, நீர்த்தன்மை பற்றிய பகுதிகளைப் பாருங்கள். மூக்கை விட்ட பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் மணம் வழியிலேயே தொலைந்திருக்கிறது. தூள் வைக்கும் முறையைப் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் முடிவில் காபி ஏமாற்றினால், பால்.

அறிகுறி: முதல் மிடறிலேயே கசப்பு, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் ஒட்டிக்கொள்கிறது

கஃபீன்தான் கசப்புக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காபியின் கசப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம்தான் என்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹோஃப்மன் குழு 2007இல் சொன்னது. கொட்டையில் இயல்பாக உள்ள குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது மிதமான கசப்புள்ள பொருளாக மாறுகிறது. மேலும் வறுத்தால், அதுவே உடைந்து கடுமையான, நாக்கை விட்டு நீங்காத கசப்பாகிறது. நீங்கள் சொல்லும் ஒட்டிக்கொள்ளும் கசப்பு இந்த இரண்டாவது வகை. ஆகவே முதலில் வறுவலைப் பாருங்கள். கொட்டை கருகருவென்று, மேலே எண்ணெய் மினுங்கும்படி இருந்தால் அந்தக் கடையில் ஒரு படி இளவறுவலாகக் கேளுங்கள். தெருவையே தூக்கும் மணம் பெரும்பாலும் கருவறுவலின் மணம். வாங்குபவரை உள்ளே அழைப்பதும் அதுதான், குடிப்பவரை முகம் சுளிக்கவைப்பதும் அதுதான்.

அடுத்து, கொட்டையின் வகை. ரொபஸ்டாவில் கஃபீன் அரபிக்காவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. குளோரோஜெனிக் அமிலமும் கூடுதல். பாலோடு நிற்க ஒரு பங்கு ரொபஸ்டா நல்லதே. பாதிக்கு மேல் போனால் கசப்பு தலைதூக்கும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: "பீபெரி கொடுங்கள்" என்று கேட்டால் உயர்ந்த ரகம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. அது அரபிக்காவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. "அரபிக்கா பீபெரி" என்றோ "பிளான்டேஷன் ஏ" (அதுவும் அரபிக்காவின் ஒரு தரம்) என்றோ தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது சிக்கரி, அதாவது வறுத்துப் பொடித்த ஒரு வகைக் கிழங்கு. நெப்போலியன் காலத்தில் கடல் வணிகம் அடைபட்டு பிரான்சில் காபி கிடைக்காமல் போனபோது பரவிய மாற்றுப்பொருள் அது. இந்தியாவில் குஜராத்தில் நிறைய விளைகிறது. எனக்கு அதன்மீது வெறுப்பு இல்லை. 80க்கு 20 என்ற அளவில் அது டிகாக்ஷனுக்குக் கனத்தையும் லேசான வெல்ல வாசனையையும் தருகிறது. ஆனால் இந்திய விதிப்படி கலவையில் காபி 51 சதவீதம் இருந்தாலே போதும். மீதி 49 சதவீதமும் சிக்கரியாக இருக்கலாம். விகிதத்தை உறை மீது அச்சிட்டே ஆக வேண்டும், அதைத் தேடிப் படியுங்கள். 60க்கு 40 தூள் வாங்கி அதில் கசப்பு என்று வருந்தினால், அது காபியின் கசப்பே அல்ல, கருகிய கிழங்கின் கசப்பு.

இவை மூன்றும் சரியாக இருந்தும் கசந்தால் கோளாறு அடுப்படியில். தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கிறீர்களா? கூடாது. டிகாக்ஷனை நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறீர்களா? அதுவும் கூடாது. மேல் அடுக்கின் சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்ஷனை முதலாவதோடு கலக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளின் கசப்பு இங்கேதான் பிறக்கிறது. நீரில் முதலில் கரைவது அமிலமும் பழச்சாயலும், பிறகு இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். முதல் டிகாக்ஷன் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதில் நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், மணம் இருக்காது. சிக்கனத்துக்காகச் செய்வது புரிகிறது. ஆனால் ஒரு நல்ல டிகாக்ஷனை அதோடு சேர்த்துக் கெடுப்பது சிக்கனம் ஆகாது. சக்கை துளசித் தொட்டிக்குப் போகட்டும்.

தண்ணீர் கொதித்து இறக்கியதும் அரை நிமிடம் விட்டு ஊற்றினால் போதும். 92 முதல் 96 டிகிரி வரை தூளுக்கு உகந்த சூடு. கைவசம் இருக்கும் தூள் தீரும்வரை சமாளிக்க ஒரு வழி: டம்ளரில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு. உப்பு தெரியக் கூடாது. கசப்பை அது நாக்கில் மட்டுப்படுத்தும்.

அறிகுறி: நிறம் கறுப்பு, மணமும் உண்டு, ஆனால் கழுநீர்போல் இருக்கிறது

நிறத்தை நம்பாதீர்கள். சிக்கரி நீரில் காபியைவிட எளிதாகக் கரைந்து கறுப்பு கொடுக்கும். காபி கொஞ்சமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அளவை எடை போட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கு 25 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஆகவே கீழே 100 மில்லி டிகாக்ஷன் இறங்கும். அதுதான் கள்ளிச்சொட்டு என்று சொல்லும் கெட்டி டிகாக்ஷன். மேல் அடுக்கு விளிம்புவரை தண்ணீர் நிறைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நான்கு பேருக்கான ஃபில்டரில் இரண்டு பேருக்குப் போட்டால் தூள் மெல்லிய படலமாகப் பரவி, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். சிறிய ஃபில்டர் ஒன்று தனியாக வைத்துக்கொள்வது இந்தக் காரணத்துக்காகவே நல்லது.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் தூள் பருமன். கடையில் "ஃபில்டருக்கு, கொஞ்சம் நைசாக" என்று சொல்லுங்கள். கால் மணி நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இறங்குவது சரியான வேகம்.

அறிகுறி: டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது, காத்திருந்து குடித்தால் ஆறிப்போன கசப்பு

மேல் அடுக்கைக் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அடிப்பக்கத்து ஓட்டைகள் எல்லாம் ஒளிப்புள்ளிகளாகத் தெரிய வேண்டும். நடுவில் தெரிந்து ஓரத்து வட்டம் இருண்டிருந்தால் அங்கே பழைய தூள் எண்ணெயோடு இறுகிக் கிடக்கிறது. அது அடைப்பு மட்டுமல்ல. அந்த எண்ணெய் சிக்குப்பிடித்து ஒவ்வொரு நாள் டிகாக்ஷனிலும் காறலைக் கலக்கிறது. எவர்சில்வர் ஃபில்டராக இருந்தால் மேல் அடுக்கின் அடியை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் தூள் புகைந்து, சிவந்து, சாம்பலாகும். நன்றாக ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் எல்லாப் புள்ளிகளும் திரும்ப வரும். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரை மட்டும் தீயில் காட்டவே கூடாது. ஈயப்பூச்சு என்று நாம் சொல்லும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு வெந்நீரும் ஊசியும்தான்.

ஓட்டைகள் சுத்தமாக இருந்தும் நின்றுவிட்டால், தூளின் மேல் வைக்கும் தண்டுத் தட்டைக் கெட்டியாக அழுத்தியிருப்பீர்கள். தூளைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்து, தட்டை அதன்மேல் உட்காரவைத்தால் போதும். சிக்கரி கூடிய தூள் தண்ணீர் பட்டதும் ஊதிக்கொள்ளும்; அதற்கு இன்னும் மென்மையான கை வேண்டும். சில புது ஃபில்டர்களில் இரண்டு அடுக்கும் காற்று புகாமல் பொருந்தியிருக்கும். கீழே அடைபட்ட ஆவி, சொட்டு விழவிடாது. மேல் அடுக்கை ஒரு நொடி தூக்கி வையுங்கள்.

ஊற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர். குமிழ்விட்டு அதிலுள்ள வாயு வெளியேறும். அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீரை வட்டமாக ஊற்றி, உடனே மூடி. அந்த மூடி தூசிக்காக மட்டும் கொடுத்ததல்ல. மூடாமல் விட்டால் அரை மணி நேரம் வீடு மணக்கும், டம்ளர் மணக்காது.

அறிகுறி: புளிப்பு

காலையில் முதல் டிகாக்ஷனே புளித்தால் தண்ணீரில் சூடு போதவில்லை, அல்லது தூளின் ஒரு பக்கம் பள்ளமாகி தண்ணீர் அந்த வழியே ஓடிவிட்டது. சக்கையைத் தட்டுமுன் பாருங்கள். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் காய்ந்திருக்கும். காலையில் நன்றாக இருந்து மாலையில் புளித்தால் டிகாக்ஷன் பழசு. சூட்டில் வைத்த காபியில் அமிலம் நேரம் ஆக ஆகக் கூடும், ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தாலும் அப்படித்தான். மாலைக்குத் தனியாகப் போடுவதே சரி. முடியாவிட்டால் காலை டிகாக்ஷனை ஆறவைத்து, மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மாலையில் கொதிக்கும் பாலை அதன்மேல் ஊற்றுங்கள்.

தண்ணீரும் ஒரு காரணம். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் காபியின் அமிலத்தைக் கொன்று சாரமில்லாமல் ஆக்கும். தாதுக்களை முழுக்க நீக்கிய சுத்திகரிப்பு நீர் மெலிந்த, கூரான புளிப்பைத் தரும். காபித் துறையினர் விரும்புவது லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்த உப்புகள் உள்ள தண்ணீர். ஒரே தூளை இரண்டு தண்ணீரில் போட்டுக் குடித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: வாங்கிய அன்று அமிர்தம், நாலைந்து நாளில் வைக்கோல்

அரைத்த தூளின் மேற்பரப்பு கொட்டையைவிடப் பல மடங்கு. அந்த அளவுக்கு வேகமாக மணம் பறக்கும், காற்றின் ஆக்சிஜன் எண்ணெயைக் கெடுக்கும். ஒரு கிலோ தூளை மாதம் முழுக்க வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையும் மாலையும் 25 கிராம் என்றால் கால் கிலோ ஐந்து நாளைக்கு வரும். ஐந்து நாளைக்கு ஒருமுறை கால் கிலோ: இதைவிடப் பலன் தரும் திருத்தம் எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை. வீட்டில் கை மிஷின் இருந்தால் கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைக்கலாம். கொட்டை சில வாரம் தாங்கும்.

கடையில் சூடாக அரைத்துக் கொடுத்த தூளை அப்படியே பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஆறவிட்டு, இறுக மூடும் சிறிய டப்பாவில் விளிம்புவரை நிரப்புங்கள். பெரிய டப்பாவில் பாதி காற்று இருந்தால் மூடியும் பயனில்லை. தினமும் எடுக்கும் டப்பா குளிர்பதனப் பெட்டிக்குள் வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் கோக்கும், உள்ளே இருக்கும் பூண்டு ஊறுகாயின் வாடையைத் தூள் வாங்கிக்கொள்ளும்.

அறிகுறி: வெறும் டிகாக்ஷன் நன்றாக இருக்கிறது, பால் சேர்த்ததும் காணாமல் போகிறது

பாலின் புரதம் துவர்ப்பையும் கசப்பையும் பிடித்துக்கொள்கிறது. அது நமக்கு வேண்டிய உதவி. பாலின் கொழுப்போ மணச்சேர்மங்களைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். கொழுப்பு கூடினால் காபி திரண்டு வழுவழுப்பாக இருக்கும், ஆனால் மணம் அடங்கும். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. கள்ளிச்சொட்டு டிகாக்ஷன் இறங்கும் வீட்டில் நிறைகொழுப்புப் பால் பொருந்தும். டிகாக்ஷன் சுமார் என்றால் 4.5 சதவீதத்துக்கு இறங்குங்கள். காபி மேலே வரும்.

பெரிய குற்றவாளி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய பால். பால் மிகச் சூடாகும்போது அதன் மோர்ப்புரதம் உருக்குலைந்து கந்தக வாடையை விடுகிறது. அந்தக் காய்ந்த பால் வாசனை காபியின் மணத்தை அமுக்கிவிடும். ஒரே ஒரு பொங்கல், உடனே இறக்கி, ஏட்டை ஒதுக்கி ஊற்றுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

டபராவில் டிகாக்ஷன், அதன்மேல் பால், பிறகு இரண்டே ஆற்று. ஆற்றினால் சர்க்கரை கரையும், நுரை வரும், வாய் வைக்கும் சூட்டுக்கு வரும். நாக்கைச் சுடும் காபியில் சுவை தெரியாது. ஆனால் கை வீச்சைக் காட்டப் பத்துமுறை ஆற்றினால் மணமெல்லாம் பார்ப்பவர் மூக்குக்குப் போய்விடும். சர்க்கரையை முழுவதும் ஒதுக்கியவர்கள் ஒருமுறை அரைக் கரண்டி சேர்த்துப் பாருங்கள், உடல்நிலை இடம் கொடுத்தால். இனிப்பு வந்தால் அதே மணம் மூக்குக்குக் கூடுதலாகத் தெரியும்.

அறிகுறி: பால் திரிகிறது

காபியின் அமிலத்தைப் புதுப்பால் தாங்கும், புளிக்கத் தொடங்கிய பால் தாங்காது. பாலை மாற்றுங்கள். வெல்லம் சேர்ப்பவர்கள் அடுப்பில் இருக்கும் பாலில் போடாமல், கலந்து சற்று ஆறிய காபியில் போடுங்கள்.

அறிகுறி: உலோக வாடை

கும்பகோணத்துப் பித்தளை ஃபில்டர் அழகு. உள்ளே வெள்ளைப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் காபியின் அமிலம் நேராகப் பித்தளையைத் தொடுகிறது. மறுபடி ஈயம் பூசும்வரை அதில் போட வேண்டாம்.

அறிகுறி: இன்ஸ்டன்ட் காபிப் புட்டியைத் திறந்ததும் பெருமணம், கலக்கினால் ஒன்றுமில்லை

உலர்த்தும்போது மணத்தின் பெரும்பகுதி போய்விடுவதால், தயாரிப்பாளர்கள் காபியிலிருந்து பிரித்த மணத்தைப் புட்டிக்குள் திரும்பச் சேர்ப்பதுண்டு. முத்திரையைக் கிழிக்கும்போது வருவது அது. ஒருமுறை வரும், அத்தோடு சரி. சிறிய பொட்டலங்களாக வாங்குவது ஓரளவு உதவும்.

அறிகுறி: வீட்டில் எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை

முதலில் சொன்ன மூக்குச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சளி பிடித்திருந்தால் தொண்டையின் பின்வழி அடைபட்டிருக்கும். டப்பாவை முகர்ந்தால் கொஞ்சம் மணக்கும், குடித்தால் ஒன்றும் ஏறாது. சளி போனதும் சரியாகிவிடும்.

கோவிட் காய்ச்சலுக்குப் பிறகு பலருக்குக் காபி சகிக்க முடியாத வாடையாக மாறியது. வறுத்த மணத்துக்கு முக்கியக் காரணமான ஒரு கந்தகச் சேர்மமே அதை அதிகமாகத் தூண்டுகிறது என்று பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் கண்டார்கள். இதற்குத் தூளை மாற்றிப் பயனில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட முகர்தல் பயிற்சி இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் தலா சில நொடி கவனமாக முகர வேண்டும். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.